மூச்சுக்கு வைத்த பத்தை

மூக்குக்கண்ணாடி காதைத் தேடி வந்து சேர நானூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் அது முதன்முதலாகத் தோன்றியபோது, இரண்டு வில்லைகளை ஓர் ஆணியில் கோத்து மூக்கில் கவ்வவிட்டோ, கையால் பிடித்துக்கொண்டோதான் படித்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வித்தை தொடக்கத்திலேயே கைவந்துவிட்டது. அது முகத்திலிருந்து நழுவாமல் நிற்கும் வித்தைதான் வரவில்லை. நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். நூல் வளையத்தைக் காதில் மாட்டிப் பார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் பக்கக் கம்பிகள் விற்பனைக்கு வந்தன. அவையும் முதலில் காதின்மேல் வளையாமல் இரு பொட்டுகளையும் அழுத்திக்கொண்டுதான் நின்றன. இத்தனை தலைமுறைகள் மூக்கால் சுமந்த பாரத்தை நம் மொழி மறக்கவில்லை. பார்வைக்கு உதவும் பொருளுக்கு, அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்தே நாம் பெயரிட்டோம். மூக்கு அதைப் பொறுத்துக்கொண்டதால்தான் கண்ணுக்குப் பயன்பட்டது.

இதை நினைக்க வைத்தது இன்னொரு மூக்குப் பொருள். ஐம்பதைக் கடந்தவர்கள் கூடும் திருமண வீடுகளில், சர்க்கரை, கொழுப்பு என்ற பேச்சுக்கு நடுவே இப்போது சிபேப் என்ற சொல்லும் காதில் விழுகிறது. உறக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்கு, இரவெல்லாம் மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பும் சிறு இயந்திரம் அது. இயந்திரத்தைப் பற்றி யாரும் அதிகம் குறை சொல்வதில்லை. குறையெல்லாம் மாஸ்க்கின் மேல்தான். செருப்பைச் சொல்வதுபோலவே, “கடிக்கிறது” என்கிறார்கள். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன் என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு தோல்வி இருக்கிறது. தாங்கள் பொறுமை போதாதவர்கள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தோல்வி அவர்களுடையதன்று. நீண்ட ஒரு வரிசையின் நடுவில் அவர்கள் வந்து நிற்கிறார்கள், அவ்வளவே. அந்த வரிசையின் தொடக்கத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

குறட்டையை நாம் நெடுங்காலம் நிம்மதியின் ஓசையாகத்தான் கேட்டுவந்தோம். உழைத்துக் களைத்தவன் விடும் குறட்டையை ஊர் மெச்சியது; மிகுந்தால் கும்பகர்ணன் என்று கேலி செய்தது. என் தாத்தா திண்ணையில் படுத்திருக்கும்போது அந்த ஓசை தெருமுனை வரை கேட்கும். பிறகு சட்டென்று நிற்கும். உள்ளே பாயில் படுத்திருக்கும் பேரப்பிள்ளைகள் நாங்கள் அந்த இடைவெளியை விரல்விட்டு எண்ணுவோம். பத்து, பதினைந்து, சில நேரம் இருபதுக்கும் மேலே போகும். அதற்குள் பாட்டி எழுந்துபோய், “இந்தாங்க, திரும்பிப் படுங்க” என்று தோளை அசைப்பாள். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். எங்களுக்கு அது விளையாட்டு. பெரியவர்களில் ஒருத்தியாவது அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு நிறுத்தமாக இன்றைய மருத்துவம் கணக்கில் எடுக்கிறது; மணிக்கு முப்பது முறையோ அதற்கு மேலோ நின்றால் நோய் கடுமையானது என்கிறது. நாங்கள் எண்ணிய எண்ணிக்கை வீண் போகவில்லை. எண்ணத் தெரிந்ததே தவிர, எதை எண்ணுகிறோம் என்று தெரியவில்லை.

பாட்டியின் கைக்கு மிகப் பழைய ஓர் உறவு உண்டு. கருங்கடற்கரையில் இருந்த ஹெராக்லியா என்ற கிரேக்க நகரைக் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஆண்ட டயோனிசியஸ், பெருத்த உடலும் விடாத உறக்கமும் கொண்டவன். உறக்கத்தில் மூச்சு முட்டி அவன் இறந்துவிடக்கூடாது என்று, நீளமான மெல்லிய ஊசிகளை அவன் விலாவில் குத்தி எழுப்பும்படி வைத்தியர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று பழைய கிரேக்க ஏடுகள் சொல்கின்றன. அரசனுக்கு ஊசி, தாத்தாவுக்குப் பாட்டியின் கை. இரண்டும் உறக்கத்தைக் கலைத்துத்தான் மூச்சை மீட்டன. உறக்கமும் மூச்சும் ஒருசேரக் கிடைக்கும் என்று அதற்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை.

நோய்க்குப் பெயர் வந்த கதையும் மெதுவான கதைதான். 1836இல் சார்லஸ் டிக்கன்ஸ் தொடராக எழுதத் தொடங்கிய பிக்விக் நாவலில், நின்ற இடத்திலேயே உறங்கிப்போகும் ஜோ என்ற பருத்த பையன் வருகிறான். படித்தவர்கள் சிரித்தார்கள். 120 ஆண்டுகள் கழித்து, 1956இல், அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதும்போது அந்தப் பையனின் நினைவாகவே நோய்க்குப் பெயரிட்டார்கள். அந்த நோயாளி, சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகள் கையில் இருந்தும் உறங்கிப்போனதால் ஆட்டத்தை விட்டவர். அவர்களும் பருமனைத்தான் பார்த்தார்கள், தொண்டையைப் பார்க்கவில்லை. 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள், உறங்குகிறவர்களின் மூச்சை இரவு முழுதும் பதிவுசெய்து பார்த்தபோதுதான், நெஞ்சு ஏறி இறங்கியும் மூக்கில் காற்று அசையாத அந்த நொடிகள் தாளில் கோடாக விழுந்தன. காரணம் தெரிந்தது. மருந்துதான் கொடியதாக இருந்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருக வேண்டும்; பகலில் அதை மூடிவைத்து இரவில் திறந்து உறங்க வேண்டும். 1970களின் முடிவுவரை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிச்சயமான வழி அது ஒன்றே.

அந்தத் துளையை வேண்டாம் என்று மறுத்த ஒருவரால்தான் கதை திரும்பியது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில், 1980 ஜூன் மாதத்து இரவு அது. அவர் கட்டுமானத் தொழிலில் இருந்தவர். கழுத்தை அறுக்கச் சம்மதிக்காத அவர், மருத்துவர் காலின் சல்லிவன் செய்துபார்க்க விரும்பிய ஒரு சோதனைக்கு ஓர் இரவு படுக்கச் சம்மதித்தார். சல்லிவன் அதற்கு முன் கனடாவின் டொரண்டோவில் நாய்களின் உறக்க மூச்சை ஆராய்ந்தவர். நாயின் மூஞ்சியில் பொருந்தும்படி அங்கே செய்த மாஸ்க்கின் அனுபவம் அவரிடம் இருந்தது. வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்றூதியாக மாற்றி, மூக்கின் வழியே காற்றைச் செலுத்தி, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். ஓர் அளவு வந்ததும் குறட்டை நின்றது, மூச்சு சீரானது. அழுத்தத்தைக் குறைத்தால் அடைப்பு திரும்பியது, ஏற்றினால் மறைந்தது. ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்து உறங்கியறியாத உடல், கடன் தீர்ப்பதுபோல் உறக்கத்துக்குள் இறங்கிவிட்டது. விடிந்ததும் அவர் தெளிந்த முகத்தோடு எழுந்தார்.

அந்தக் காற்று செய்தது என்ன என்பதற்கு சல்லிவன் குழு 1981 ஏப்ரலில் லான்செட் இதழில் தந்த விளக்கம், புத்தூர் கட்டு அறிந்த நமக்கு எளிதில் பிடிபடும். முறிந்த எலும்பு விலகாமலிருக்க மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறோம். உறக்கத்தில் தளர்ந்து சரியும் தொண்டைச் சதைக்கு வெளியிலிருந்து பத்தை வைக்க முடியாது. உள்ளிருந்தே தாங்கும் பத்தையாகக் காற்றை நிறுத்திவிடலாம். தேவைப்பட்ட அழுத்தமும் சிறியதுதான்: 4.5 முதல் 10 செ.மீ. நீர் உயரம். டம்ளர் தண்ணீரில் பத்து செ.மீ. ஆழத்துக்கு உறிஞ்சுகுழலை அமிழ்த்திக் குமிழி விட ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஊத வேண்டியிருக்குமோ அவ்வளவே. அந்தக் கட்டுரை ஐந்து நோயாளிகளைப் பற்றியது. அதன் சுருக்கத்தில் மூக்கு மாஸ்க்கைக் குறிக்கும்போது ‘வசதியான’ என்ற அடைமொழியும் சேர்ந்திருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவேன். கழுத்துத் துளையோடு ஒப்பிட்டால் எந்த மாஸ்க்கும் வசதிதான். ஆனால் அந்த ஒரு சொல்லை மெய்யாக்க அடுத்த நாற்பது ஆண்டுகளும் போதவில்லை. இன்னும் அந்த வேலை முடியவில்லை.

ஏனென்றால் அந்த ஆரம்பகால மாஸ்க்குகள் ஒவ்வொருவர் மூக்கையும் பிளாஸ்டர் அச்செடுத்து, கண்ணாடி நாரிழையில் வார்த்தவை. இரவுதோறும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்ட வேண்டும். காலையில் உரித்தெடுக்க வேண்டும். மோட்டாரின் இரைச்சலோ வீட்டையே நிறைக்கும். அப்படியும் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒட்டியும் உரித்தும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். பெயர் பதியாத அந்த முதல் நோயாளிகளின் மூக்குத் தோலில்தான் இன்றைய மெத்தென்ற சிலிக்கோன் ஓரங்கள் உருவாகத் தொடங்கின.

திரும்பிப் பார்த்தால் இதில் எதுவும் முதல் முறை நடந்ததன்று. 1936இலேயே லண்டனில் பூல்டன் என்ற மருத்துவர், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர்கோத்தவர்களுக்கு மாஸ்க் வழியே அழுத்தக் காற்றைக் கொடுத்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டதும் வாக்குவம் கிளீனர் காற்றூதிதான். 44 ஆண்டு இடைவெளியில், இரு கண்டங்களில், இரண்டு வேறு நோய்களுக்காக இரண்டு மருத்துவர்கள் அதே வீட்டுப்பொருளை நோக்கிக் கை நீட்டியிருக்கிறார்கள். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரியும் அவருடைய குழுவினரும், நுரையீரல் முதிராமல் பிறந்த 20 சிசுக்களுக்கு இடையறாத அழுத்தக் காற்றைக் கொடுத்தார்கள். 16 சிசுக்கள் பிழைத்தன. அதிலிருந்து கிளைத்த குமிழி சிபேப், தண்ணீர்ப் புட்டியில் குழாய் அமிழ்ந்திருக்கும் ஆழத்தாலேயே அழுத்தத்தை அளந்துகொள்வது, இன்று நம்மூர்ப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. மாஸ்க்கை எடுத்துக்கொண்டால், 1938இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் விமானிகளுக்கான ஆக்சிஜன் மாஸ்க்கை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஆர்தர் புல்புலியன், முகத்தில் உறுப்பிழந்தவர்களுக்கு மூக்கும் காதும் வார்த்துக் கொடுத்தவர். முகத்தின் மேடுபள்ளத்தை விரலால் அறிந்த சிற்பிதான் காற்றுக் கசியாத மாஸ்க்கைச் செய்ய வேண்டியிருந்தது. காற்றை உண்டாக்குவது ஒவ்வொரு முறையும் விரைவில் கைகூடியிருக்கிறது. அது முகத்தைத் தொடும் அரை அங்குல ஓரத்தில்தான் காலம் செலவாகியிருக்கிறது.

இந்த அரை அங்குலத்தைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. தாத்தாவின் தொண்டை என் வழியாகவும் குறட்டை விட்டது. ஸ்லீப் ஸ்டடி என்ற உறக்கச் சோதனை முடிந்து கையில் இயந்திரம் வந்தது. மாஸ்க்கை விற்றவர் என்னை மேசைமுன் உட்காரவைத்துப் பொருத்திப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். உட்கார்ந்திருக்கும் முகமும் படுத்திருக்கும் முகமும் ஒன்றல்ல என்பதை அன்றிரவு கற்றுக்கொண்டேன். மல்லாந்ததும் கன்னச்சதை காதை நோக்கிச் சரிகிறது, தாடை பின்வாங்குகிறது, ஓரத்தில் இடைவெளி விழுகிறது. அதன் வழியே சீறிய காற்று நேராகக் கண்ணுக்குள் போய் உலர்த்தியது. கசிந்தால் என்ன செய்வோம்? ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவோம். இறுக்கினேன், இன்னும் கசிந்தது, இன்னும் இறுக்கினேன். காலையில் மூக்குத் தண்டில் செம்புண் மலர்ந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த குமிழி மாஸ்க்குக்குப் பிறகு இந்தப் பொருளின் அடிப்படையே மாறிவிட்டது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றைய மாஸ்க்கின் ஓரம் மெல்லிய சிலிக்கோன் சவ்வு. உள்ளே வரும் காற்றே அதை உப்பவைத்து முகத்தில் படியச்செய்கிறது. இறுக்கினால் சவ்வு மடிந்து நசுங்குகிறது, உப்ப இடமின்றிக் கசிகிறது. ஆகவே இயந்திரத்தை ஓடவிட்டு, தலையணையில் வழக்கம்போல் படுத்து, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒருமுறை தூக்கிக் காற்று நிறைந்ததும் மெல்ல உட்காரவிட வேண்டும். ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஓரத்தைச் சுற்றிச் சீறுவதுதான் கசிவு. முன்பக்கத் துளைகளில் வரும் மெல்லிய காற்று, நாம் விட்ட மூச்சு வெளியேற வைத்திருக்கும் வழி. அதை அடைக்கக்கூடாது.

மூன்றாவது மாஸ்க்தான் எனக்கு அமைந்தது. முதலாவது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கும், மூக்கு அடைத்துக்கொள்கிறவர்களுக்கும் அது வேண்டியிருக்கலாம். ஆனால் முகத்தில் அதிக இடத்தைத் தொடுவதால் கசியும் வாய்ப்பும் அதிகம், பலருக்கு அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இரண்டாவது மூக்கை மட்டும் மூடியது. என் மீசை அதன் கீழ் ஓரத்தைப் படியவிடவில்லை. மூன்றாவது, மூக்குத்துளைகளின் வாயில் மட்டும் ஒட்டி நிற்கும் சிறு மெத்தை; அது மீசையைத் தொடாமலும் தண்டை அழுத்தாமலும் நிற்கிறது. என் மனைவியின் அக்காவுக்கு வேறு சிக்கல். அவர் கல்யாணத்தன்றிலிருந்து கழற்றாத வைர மூக்குத்தியை மாஸ்க்கின் ஓரம் இரவெல்லாம் சதைக்குள் அழுத்தியது. மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார். மூக்குத்தியைத் தொடாத வடிவம் ஒன்று உண்டு என்று தெரிய அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு சிலிக்கோனை வழுக்கவைக்கும் என்பதும், படுக்கும்முன் முகம் கழுவினால் பாதிச் சண்டை தீரும் என்பதும், மாஸ்க்கைத் தினம் மென்சோப்பில் கழுவ வேண்டும் என்பதும் தொண்டை வறண்டால் காற்றை வெதுவெதுப்பாக ஈரப்படுத்தும் கருவி உண்டு என்பதும், ஒருவர் இன்னொருவருக்கு வாய்மொழியாகச் சொல்லித்தான் நம்மிடையே பரவுகின்றன. மின்சாரம் போனால் மூச்சு முட்டுமா என்ற அச்சம் பலரை மாஸ்க்குக்குப் பக்கத்திலேயே வரவிடுவதில்லை. வாயையும் மூடும் மாஸ்க்குகளில், காற்று நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்ல ஒருவர் போதும்.

நாதசுரக் கலைஞர்களிடம் இந்தப் பொறுமையைப் பார்த்திருக்கிறேன். வாத்தியம் ஆச்சாரி மரத்தில் கடைந்தது, அது மாறுவதில்லை. உதட்டைத் தொடுவது சீவாளி. திருவாவடுதுறையில் நாணலைப் பதப்படுத்திச் செய்யும் அந்தச் சின்னஞ்சிறு பொருளில் பத்து வாங்கி, ஊதிப் பார்த்து, ஊசியால் நெகிழ்த்தி, இரண்டைத் தேர்ந்துகொள்வார்கள். மற்றவை வாத்தியத்திலேயே நூலில் தொங்கும். ஒரு சீவாளி பேசவில்லை என்பதற்காக யாரும் தமக்கு வாசிக்க வராது என்று எண்ணுவதில்லை, வாத்தியத்தை உறையில் போட்டு மூடுவதுமில்லை. மாஸ்க் வாங்குகிறவர்களுக்கும் இந்த உரிமை கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்று பொருந்தாவிட்டால் மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு, படுக்கவைத்துப் பொருத்திக் காட்டும் ஒருவர், முதல் மாதத்தில் இரண்டு முறையாவது கூப்பிட்டுக் கேட்கும் ஒரு குரல்: இவை இயந்திரத்தின் விலையிலேயே அடங்க வேண்டியவை.

இதெல்லாம் எதற்கு, இனி ஊசி மருந்தே போதுமே என்று இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் டிர்செபடைட் மருந்தை, பருமனோடு கூடிய ஸ்லீப் ஆப்னியாவுக்கும் 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவி அதற்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. நல்லதுதான். பயன்பெறுகிறவர்கள் பெறட்டும். ஆனால் கண்ணுக்கு லேசர் சிகிச்சை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் மூக்குக்கண்ணாடிக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 30 முதல் 69 வயதுக்குள் இந்த நோய் உள்ளவர்கள் உலகில் 93 கோடிக்கும் மேல் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வெளியானது. ஒல்லியானவர்களும், தாடை சிறுத்தவர்களும், ஊசிக்குக் காசில்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, எத்தனையோ இரவுகளுக்கு, மூக்கின் மேல் படியும் அந்த அரை அங்குல ஓரம்தான் வழியாக இருக்கப்போகிறது.

தாத்தா ஒரு மார்கழி விடியலில், உறக்கத்திலேயே போய்விட்டார். ஊரே நல்ல சாவு என்றது; பாயில் கிடந்து அழுந்தாமல், ஒருவரையும் அழைக்காமல் போன பாக்கியவான் என்றது. பாட்டி மட்டும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளவில்லை. அன்றைக்கு நான் அசந்து தூங்கிவிட்டேன் என்று மட்டும் ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னாளாம். அதற்குப் பிறகும் அவள் ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்துபோகும்போது பார்த்திருக்கிறேன்: வெறும் திண்ணையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள், தாத்தாவின் தோள் இருந்த உயரத்தில் கை நின்றிருக்கும்.